8000 மைல் தள்ளி சண்டை, மூணே நாள்ல கப்பல் கிளம்பிச்சு: ஃபாக்லாண்ட் 1982 லாஜிஸ்டிக்ஸ் பத்தி ஒரு டவுட்

வாசு_எம்பிஏ:

எல்லாருக்கும் வணக்கம். நான் சப்ளை செயின் படிக்கிறேன், இந்த செமஸ்டர்ல ஒரு கேஸ் ஸ்டடி எடுத்து பேசணும், கிளாஸ்ல பாதி பேரு ஆன்லைன் டெலிவரி கம்பெனி, மீதி பேரு மும்பை டப்பாவாலான்னு எடுத்துட்டாங்க, நம்ம கொஞ்சம் வேற மாதிரி போவோம்னு ஃபாக்லாண்ட் போரை எடுத்தேன். எடுத்ததுக்கு அப்புறம்தான் மாட்டிக்கிட்டேன்னு தெரியுது.

தென் அட்லாண்டிக்ல பிரிட்டன் கையில இருந்த ஃபாக்லாண்ட் தீவை அர்ஜென்டினா பிடிச்சது 1982 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை. ஹெர்மிஸ், இன்வின்சிபிள்னு பிரிட்டனோட ரெண்டு விமானந்தாங்கி கப்பலும் போர்ட்ஸ்மத்தை விட்டுக் கிளம்பினது ஏப்ரல் 5, திங்கக்கிழமை. நடுவுல இருந்தது சனியும் ஞாயிறும்தான். போக வேண்டிய தூரம் 8000 மைல், அதாவது கிட்டத்தட்ட 12,800 கிலோமீட்டர், அங்க சொந்தமா ஒரு துறைமுகம் கிடையாது, ஏர்போர்ட் எதிரி கையில, குளிர்காலம் வேற வரப்போகுது. இதுக்கு முன்னாடியே ஏதாவது பிளான் ரெடியா இருந்துச்சா? அப்புறம் எதைப் படிச்சாலும் அட்லாண்டிக் நடுவுல இருக்கற அசென்ஷன் தீவு, அசென்ஷன் தீவுன்னே வருது, அங்க வாரக்கணக்குல நின்னு அப்படி என்னதான் பண்ணாங்க? நேரா போயிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே? யாராவது விளக்கினா புண்ணியமா போகும்.

சீஃப்மேட்_தூத்துக்குடி:

தம்பி, நான் ராணுவத்து ஆளு இல்ல, கார்கோ கப்பல்ல சீஃப் ஆபீசரா வேலை பார்த்தவன், அதனால பீரங்கி துப்பாக்கி எல்லாம் வேற யாராவது சொல்லட்டும், சரக்கு ஏத்துற கதைய மட்டும் நான் சொல்றேன். உங்க கேள்விக்கு பதில் பாதிக்கு மேல அதுலதான் இருக்கு.

மூணு நாள்ல கிளம்பினது நெசம். எல்லாம் சரியா ஏத்திக்கிட்டு கிளம்பினாங்கன்னு யாரு சொன்னா? சனிக்கிழமை பார்லிமெண்ட் அவசரமா கூடுது, பிரதமர் தாட்சர் அரசாங்கத்துக்கு கடும் நெருக்கடி, திங்கக்கிழமை டிவில கப்பல் போறது தெரிஞ்சாகணும், அது அரசியல். ஃபாக்லாண்டுக்குன்னு தயாரா வெச்ச பிளான் எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு இருந்துச்சு, அவங்க 3 கமாண்டோ பிரிகேடுன்னு ஒரு படை, சோவியத்தோட சண்டை வந்தா நார்வேக்குப் போய் நிக்க வேண்டிய படை, அதுக்கு 30 நாள் சண்டை போடுற அளவுக்கு குண்டு, சாப்பாடு, எண்ணெய், குளிர் சாமான் எல்லாம் கிடங்குல கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க. போற இடம் மட்டும்தான் மாறிச்சு. அதை அப்படியே துறைமுகத்துக்கு கொண்டு வரணும், ரயில் அந்த நேரத்துக்கு கிடைக்கல, லாரி லாரியா ரோட்டுலயே வந்துச்சு, ராணுவ லாரி பத்தாம வாடகை லாரியும் பிடிச்சாங்க. போர்ட்ஸ்மத் டாக்யார்டு ஆளுங்களுக்கு அப்பதான் ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்திருந்தது, வேலை போகப்போகுதுன்னு தெரிஞ்சும் ராத்திரி பகலா ஏத்திக் கொடுத்தாங்க, அந்த மனுசங்களைப் பத்தி யாரும் பெருசா பேசுறது இல்ல.

இப்ப விஷயத்துக்கு வாரேன். கப்பல்ல சரக்கு ஏத்துறதுக்கு ஒரே சட்டம்தான், கடைசியா எறக்க வேண்டியது அடியில போகணும், முதல்ல எறக்க வேண்டியது மேல ஹேட்ச் வாய்க்கிட்ட இருக்கணும். வணிகக் கப்பல்ல இதைத் துறைமுக வரிசைப்படி பண்ணுவோம், ராணுவத்துல சண்டை வரிசைப்படி பண்ணணும், எந்தப் படை முதல்ல கரைக்கு போகுதோ அதோட குண்டு, ரேடியோ, ஸ்ட்ரெச்சர் எல்லாம் அதே கப்பல்ல, அதுவும் மேல. அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னா எந்த லாரி முதல்ல வந்துச்சோ அது முதல்ல உள்ள போச்சு. வீடு காலி பண்ணும்போது அவசரத்துல டெம்போல கைக்கு வந்ததை எல்லாம் திணிச்சிட்டு, புது வீட்டு வாசல்ல போய் நின்னா கேஸ் அடுப்பு அடியில இருக்கும், அது மேல பீரோ படுத்திருக்கும், அதேதான். ஒரு படையோட ஆளுங்க ஒரு கப்பல்ல, அவங்க சாமான் ரெண்டு மூணு கப்பல்ல சிதறிக் கிடந்துச்சு, எது எங்க இருக்குன்னு சரியான லிஸ்ட்டும் இல்ல.

இதை அப்படியே எடுத்துக்கிட்டு போய் எதிரி விமானம் வர்ற இடத்துல நின்னு தேடிக்கிட்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் அசென்ஷன். பாதி வழியில இருக்கு. சும்மா நிக்கல தம்பி, மொத்த சரக்கையும் கலைச்சு திரும்ப அடுக்குனாங்க. அங்க கப்பல் கட்டுற ஜெட்டியே கிடையாது பாருங்க, எரிமலைப் பாறை, எந்நேரமும் அலை, கப்பல்ங்க எல்லாம் வெளிய நங்கூரம் போட்டு நிக்கும், ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்கு ஹெலிகாப்டர் வலையில தொங்கவிட்டு தூக்கிட்டு போகும், கனமானதை லேண்டிங் கிராஃப்ட்ல கொண்டு போவாங்க. ஹோல்டுக்குள்ள, அதாவது கப்பலோட சரக்கு அறைக்குள்ள, இருக்கற ஒரு பெட்டிய எடுக்க மேல இருக்கற அம்பது பெட்டிய நகத்தணும். தீவுல தண்ணியும் கம்மி, தங்க இடமும் கம்மி, அதனால இத்தனை பேருக்கு மேல கரையில இருக்கக் கூடாதுன்னு அங்க இருந்த அதிகாரி கறாரா நின்னாரு, வந்து எறங்கினவனை அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்பிடுவேன்னு.

வாசு_எம்பிஏ:

சார் சூப்பர், இந்த ஆங்கிள் எந்த புக்லயும் இவ்வளவு தெளிவா இல்ல. அப்ப கிளம்பினது ஒரு கணக்கு, லோடிங் முடிஞ்சது அசென்ஷன்லன்னு எடுத்துக்கலாமா? இன்னொண்ணு, பயணிகள் கப்பலை எல்லாம் பிடுங்கிட்டு போனாங்கன்னு படிச்சேன், கம்பெனிக்காரங்க எப்படி விட்டாங்க?

சீஃப்மேட்_தூத்துக்குடி:

எடுத்துக்கலாம். பிடுங்கினதுன்னா சட்டப்படிதான், ராணி கையெழுத்துப் போட்ட உத்தரவு ஏப்ரல் 4 அன்னைக்கே வந்தாச்சு, அதை வெச்சு கையகப்படுத்தலாம், வாடகையும் உண்டு. மொத்தம் அம்பது கப்பல் சுமாருக்கு வணிகக் கப்பல் போச்சு, பயணிகள் கப்பல், கன்டெய்னர் கப்பல், ஃபெர்ரி, டேங்கர், மீன்பிடி ட்ராலர், இழுவைக் கப்பல்னு ஒண்ணு பாக்கி இல்ல.

கான்பெர்ரான்னு ஒரு பெரிய வெள்ளைக் கப்பல், உலகச் சுற்றுலா முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கு. ஜிப்ரால்டர்லயே ஒரு டீம் ஏறி, கப்பல் ஓடிக்கிட்டு இருக்கும்போதே எங்க வெட்டணும் எங்க வெல்டு பண்ணணும்னு அளவு எடுத்துட்டாங்க. ஏப்ரல் 7 சவுத்தாம்ப்டன் வந்துச்சு, பயணிங்க எறங்குறாங்க, நீச்சல் குளத்து மேல இரும்புத் தகடு போட்டு ஹெலிபேட், முன்பக்கம் இன்னொண்ணு, ஏப்ரல் 9 ராத்திரி கிளம்பிடுச்சு, வெல்டிங் வேலை போற வழியிலயும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. உகாண்டான்னு ஒரு கப்பல் ஸ்கூல் பசங்களை ஏத்திக்கிட்டு மத்தியதரைக் கடல்ல டூர்ல இருந்தது, பசங்களை நேப்பிள்ஸ்ல எறக்கி விட்டுட்டு ஜிப்ரால்டர்ல ஆஸ்பத்திரிக் கப்பலா மாத்தினாங்க. க்யூஇ2ங்கற குயின் எலிசபெத் 2 பயணிகள் கப்பல் மே 12 கிளம்பிச்சு, கார்ப்பெட் மேல பூரா ஹார்ட்போர்டு விரிச்சு, பூட்ஸ் காலோட மூவாயிரம் சிப்பாய்ங்க. அவ்வளவு பெரிய பேரு உள்ள கப்பலை இழந்தா மானம் போயிடும்னு ஃபாக்லாண்டு பக்கமே விடல, சவுத் ஜார்ஜியாவுல நிறுத்தி ஆளுங்களை கான்பெர்ராவுக்கும் நார்லேண்ட் ஃபெர்ரிக்கும் மாத்தினாங்க. ஆளு மாறுறது ஈஸி, சாமான் மாறுறதுதான் பிரச்சினை, மறுபடியும் அதே கதைதான்.

பழைய_நேவி:

சீஃப் சார் சொன்னதோட ஒரு சின்ன சேர்த்தி. நான் இந்திய நேவில லாஜிஸ்டிக்ஸ் பக்கம் இருந்தவன், கொஞ்ச காலம் விராட்லயும் இருந்தேன், வாசு தம்பி, நீங்க சொன்ன அந்த ஹெர்மிஸ்தான் நம்ம விராட் விமானந்தாங்கி, 1987 மே மாசம் நம்ம கொடி ஏத்தினோம், 2017 மார்ச் வரைக்கும் ஓடிச்சு, அப்புறம் அலங்ல உடைச்சாச்சு.

மூணு நாள்னு சொல்றதுல இன்னொரு விஷயம் இருக்கு. எல்லா கப்பலும் இங்கிலாந்துல இருந்து கிளம்பல. அந்த நேரத்துல ஜிப்ரால்டர் பக்கம் ஒரு பெரிய பயிற்சி நடந்துக்கிட்டு இருந்துச்சு, அதுல இருந்த கப்பல்களையே ரெண்டா பிரிச்சு, தெற்க போற கப்பலுக்கு வீட்டுக்குத் திரும்புற கப்பல் தன்கிட்ட இருக்கற குண்டு, ஸ்பேர், சாப்பாடு எல்லாத்தையும் கடல்லயே கொடுத்துட்டு வந்துச்சு. ஃபோர்ட் ஆஸ்டின்னு ஒரு சப்ளை கப்பல் படையெடுப்புக்கு முன்னாடியே, மார்ச் 29 அன்னைக்கே ஜிப்ரால்டர்ல இருந்து தெற்க கிளம்பியாச்சு. போர்க்கப்பல் எல்லாத்துக்கும் முன்னாடி கிளம்பினது மளிகைக் கப்பல்!

ரெண்டாவது எண்ணெய். இதை உங்க செமினார்ல கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா சினிமாவுல இது வரவே வராது. ஃப்ரிகேட் மாதிரி கப்பல் முழுவேகத்துல ஓடினா சில நாள்ல டேங்க் காலியாயிடும், எந்த கேப்டனும் பாதிக்குக் கீழ போக விரும்ப மாட்டார், ஏன்னா அடுத்த டேங்கரைப் பார்க்கறதுக்கு முன்னாடி சண்டை வந்தா என்ன பண்ணுவார். அங்க எண்ணெய் பிடிக்க துறைமுகம் இல்ல, அதனால சங்கிலி மாதிரி கட்டினாங்க, வணிக டேங்கர் இங்கிலாந்துல இருந்து கொண்டு வந்து கடற்படையோட துணைக் கப்பலுக்கு கொடுக்கும், அது போர்க்கப்பலுக்கு கொடுக்கும். காலியான டேங்கர் திரும்பிப் போகும்போதே அடுத்தது பாதி வழியில வந்துக்கிட்டு இருக்கணும். ஒரு வாரம் தாமதமானா முன்னாடி இருக்கற மொத்த ஃப்ளீட்டும் வேகத்தைக் குறைக்கணும். டைட்பூல்னு ஒரு டேங்கரை சிலிக்கு வித்தே முடிச்சிருந்தாங்க, அதையும் திருப்பி வாங்கிட்டு வந்து ஓட்டினாங்க.

கடல்ல எண்ணெய் ஏத்துறதை நேர்ல பார்க்காதவங்களுக்கு சொல்றேன். ரெண்டு கப்பலும் பக்கத்துல பக்கத்துல, நடுவுல நாப்பது அம்பது மீட்டர்தான், 12 நாட் வேகத்துல ஒரே திசையில ஓடணும். முதல்ல துப்பாக்கியால மெல்லிசா ஒரு நூல் சுடுவாங்க, அந்தப் பக்கம் பிடிச்சு இழுத்தா நூலுக்குப் பின்னாடி கயிறு, கயித்துக்குப் பின்னாடி இரும்பு வடம், அதுல தொங்கிக்கிட்டு குழாய் வரும். இன்னொரு கயித்துல கலர் கலரா கொடி கட்டி இருக்கும், தூரம் எவ்வளவுன்னு கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ல நிக்கறவர் அதைப் பார்த்துக்கிட்டே அரை டிகிரி ஒரு டிகிரின்னு ஹெல்ம்ஸ்மேனுக்கு சொல்லிக்கிட்டே இருக்கணும். ரெண்டு கப்பலுக்கு நடுவுல தண்ணி வேகமா ஓடுறதால ஒண்ணை ஒண்ணு இழுக்கும், அசந்தா உரசிடும். ஒருத்தன் கோடாலியோட ரெடியா நிப்பான், ஏதாவது தப்பாச்சுன்னா வெட்டி விட. இதை தென் அட்லாண்டிக் அலையில, ராத்திரி, விளக்கு போடாம பண்ணியிருக்காங்க. வணிக டேங்கர்ல இந்த செட்டப் கிடையாது, அதனால பின்பக்கமா குழாயைத் தண்ணியில மிதக்க விட்டு, போர்க்கப்பல் பின்னாடி வந்து எடுத்துக்கும், மெதுவாதான் ஏறும் ஆனா சேஃப்.

குறுக்கு_கேள்வி:

எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் குறுக்க பேசுறேன். அட்லாண்டிக் கன்வேயர் கதைய யாரும் ஏன் எடுக்கல? ஒரே ஒரு கன்டெய்னர் கப்பல், அதுல சினூக் ஹெலிகாப்டர், வெஸ்ஸெக்ஸ் ஹெலிகாப்டர், 4500 பேருக்கு கூடாரம், ஹாரியர் போர் விமானம் எறங்க ஓடுபாதை போடுற இரும்புத் தகடு, தண்ணி சுத்திகரிக்கற பிளாண்ட், எல்லாத்தையும் அதுல அடுக்கி வெச்சாங்க. மே 25 அர்ஜென்டினாவோட ரெண்டு எக்ஸோசெட் ஏவுகணை அடிச்சு 12 பேரு செத்தாங்க, கேப்டன் இயன் நார்த்தும் அதுல ஒருத்தர், மூணு நாள் கழிச்சு கப்பல் முங்கிடுச்சு. மூணு சினூக்கும் ஆறு வெஸ்ஸெக்ஸும் போச்சு. அந்த நேரம் வானத்துல பறந்துக்கிட்டு இருந்ததால ஒரே ஒரு சினூக் தப்பிச்சது. முட்டை எல்லாத்தையும் ஒரே கூடையில வெச்சதுக்குப் பேரு பிளானிங்கா ப்ரோ?

பழைய_நேவி:

நியாயமான கேள்விதான். ஆனா அந்த நேரத்துல நின்னு பாருங்க. அவ்வளவு பெரிய ஹெலிகாப்டர் அத்தனையும் வைக்கற மாதிரி திறந்த டெக் உள்ள கப்பல் அவங்க கையில வேற எத்தனை இருந்துச்சு? விமானந்தாங்கி ரெண்டும் சீ ஹாரியரும் சீ கிங்குமா நிரம்பி வழியுது. அதே கப்பல்ல வந்த 14 ஹாரியரை ஒரு வாரத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க, அதுங்களும் உள்ள இருந்திருந்தா போரே வேற மாதிரி போயிருக்கும். அன்னைக்கு ராத்திரி அது படை தரையிறங்கின சான் கார்லோஸ் உள்ள போய் எறக்க வேண்டியது, சில மணி நேரத்துல தவறிப் போச்சு. என்னைக் கேட்டா தப்பு ஏத்துனதுல இல்ல, அவ்வளவு முக்கியமான சரக்கு இருக்கற கப்பலுக்கு தற்காப்புக்குன்னு ஒண்ணுமே மாட்டாம அனுப்பினதுல, ஏவுகணைய ஏமாத்தற சாஃப் கூட அதுல கிடையாது. போர்க்கப்பல்ங்க போட்ட சாஃப்ல ஏமாந்து திரும்பின ஏவுகணைதான் இது மேல விழுந்துச்சுன்னு சொல்லுவாங்க.

அடுத்து என்ன ஆச்சு பாருங்க, ஹெலிகாப்டர்ல போக வேண்டிய சிப்பாய்ங்க கிழக்க தீவுத் தலைநகர் ஸ்டான்லி வரைக்கும் நடந்தாங்க, சுமார் 90 கிலோமீட்டர், ரோடு கிடையாது, கால் புதையற சதுப்பு, முதுகுல அம்பது கிலோவுக்கு மேல மூட்டை, குளிர்ல ஈரமான பூட்ஸ். பாராசூட் படைக்கு தீவுக்காரங்க தங்களோட டிராக்டரை ஓட்டிக்கிட்டு வந்து குண்டு ஏத்திக் கொடுத்தாங்க. மிச்சமிருந்த சின்ன ஹெலிகாப்டர் எல்லாம் பீரங்கி குண்டு தூக்கவே பத்தல. 105 மில்லிமீட்டர் பீரங்கி மொத்தம் 30 தான், ஆனா ஒரு ராத்திரி சண்டையில அதுங்க தின்ற குண்டை நிரப்ப பகல் பூரா பறக்கணும். தப்பிச்ச அந்த ஒத்தை சினூக் ஒரு தடவை 81 பேரை நிக்க வெச்சே தூக்கிட்டுப் போச்சு, ஸ்பேர் பார்ட் எல்லாம் கப்பலோட போயிடுச்சு, மேனுவல் கூட இல்ல. ஜூன் 14 சரண் அடையும்போது சில பீரங்கிகள்ல ஒரு சில குண்டுதான் மிச்சம்.

குறுக்கு_கேள்வி:

சரி, அதை ஏத்துக்கறேன். அப்ப ஃபிட்ஸ்ராய்? அது ஏவுகணை அதிர்ஷ்டம்னு சொல்ல முடியாதே.

பழைய_நேவி:

அது வேற, அதைப் பேசினா வயிறு எரியும். ஜூன் 8, சர் காலஹாட்னு லேண்டிங் கப்பல், வெல்ஷ் கார்ட்ஸ் ஆளுங்களும் ஒரு மருத்துவப் பிரிவும் அதுல. பட்டப்பகல், வானம் தெளிஞ்சிருக்கு, துணைக்கு போர்க்கப்பல் இல்ல. சிப்பாய்ங்க போக வேண்டியது பிளஃப் கோவ், கப்பல் நிக்கறது ஃபிட்ஸ்ராய், நடுவுல இருந்த பாலத்தை எதிரி உடைச்சிருந்தான், சுத்தி நடக்கறதா படகுல போறதான்னு ஒரு இழுபறி, மருத்துவப் பிரிவை முதல்ல எறக்குறாங்க, லேண்டிங் கிராஃப்ட்டோட கதவு பழுது, இப்படியே மணிக்கணக்கா போச்சு. அர்ஜென்டினாவோட ஸ்கைஹாக் போர் விமானம் வந்துச்சு. அந்தக் கப்பல்ல மட்டும் 48 பேரு செத்தாங்க, அதுல ஹாங்காங்ல இருந்து வந்த சீன கப்பலாளிங்களும் இருந்தாங்க.

இங்கதான் ஒருங்கிணைப்பு விஷயம் வருது வாசு. இங்கிலாந்துல நார்த்வுட் தலைமையகத்துல மொத்தத்துக்கும் தலைவரா ஃபீல்ட்ஹவுஸ், கடல்ல விமானந்தாங்கி குரூப்புக்கு வுட்வர்ட், தரையிறக்கக் கப்பல்களுக்கு கிளாப், கரையில 3 பிரிகேடுக்கு தாம்ப்சன், அப்புறமா வந்த ஜெனரல் மூர், ரெண்டாவதா வந்த 5 பிரிகேடு. முதல் பிரிகேடுக்கு கமாண்டோ லாஜிஸ்டிக் ரெஜிமெண்ட்னு பழகின ஆளுங்க இருந்தாங்க. ரெண்டாவது பிரிகேடுக்கு அந்த அளவுக்கு சொந்த ஏற்பாடு இல்ல. ஒரு பிரிகேடுக்கு அளவா இருந்த லாஜிஸ்டிக் படை மேல ரெண்டாவது பிரிகேடையும் ஏத்திட்டாங்க. கப்பல் கம்மி, ஹெலிகாப்டர் கம்மி, யாரு எந்த கப்பல்ல எங்க எறங்குறான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியல.

சீஃப்மேட்_தூத்துக்குடி:

இதுக்கு மூலம் சான் கார்லோஸ்லயே இருக்கு சார். மே 21 எறங்கும்போது அவங்க பிளான் என்ன, சரக்கு கப்பல்லயே இருக்கட்டும், கரைக்கு தேவைப்படும்போது ஹெலிகாப்டர்ல எறக்கிக்கலாம். முதல் நாளே விமானத் தாக்குதல் வந்த வேகத்துல கான்பெர்ராவை அன்னைக்கு ராத்திரியே வெளிய அனுப்ப வேண்டியதாயிடுச்சு. இருட்டுல உள்ள வா, முடிஞ்சதை எறக்கு, விடியறதுக்குள்ள ஓடு. அப்ப எந்தப் பெட்டி மேல இருக்கோ அதுதான் எறங்கும், கரையில இருக்கறவன் கேட்டது எறங்காது. அசென்ஷன்ல அடுக்கினது எதுக்குன்னு அங்க புரிஞ்சிருக்கும். எல்லாத்தையும் அஜாக்ஸ் பே கரையில குவிச்சாங்க, பழைய ஆட்டுக்கறி குளிர்பதனக் கட்டடம் ஒண்ணு, அதுலயே ஆஸ்பத்திரி, அதுக்குப் பக்கத்துலயே குண்டுக் குவியல். செஞ்சிலுவை அடையாளமும் போட முடியாது, பக்கத்துல வெடிமருந்து இருக்கே. மே 27 குண்டு விழுந்துச்சு, வெடிக்காத குண்டு ரெண்டு கட்டடத்துக்குள்ளயே கிடந்துச்சு, ரிக் ஜாலின்னு டாக்டர், மணல் மூட்டை அடுக்கிட்டு அந்தப் பக்கம் ஆபரேஷனைத் தொடர்ந்து பண்ணிக்கிட்டு இருந்தார்.

நெய்தல்_நாடன்:

நல்ல இழை. யாரும் எதிர்ப்பக்கம் பார்க்கலையேன்னு வந்தேன். அர்ஜென்டினாவுக்கு தீவு வீட்டு வாசல் மாதிரி, 400 மைல் சுமார்தான். ஆனா லாஜிஸ்டிக்ஸ்ல தோத்தது அவங்கதான். ஸ்டான்லி ஓடுபாதை சுமார் 1250 மீட்டர், அதுல ஸ்கைஹாக், மிராஜ் எல்லாம் முழு லோடோட ஏறி எறங்க முடியாது. ஏப்ரல் மாசம் பூரா தீவு அவங்க கையில, அப்பவே கப்பல்ல தகடு, மெஷின் கொண்டு வந்து நீட்டியிருக்கலாம், உருப்படியா நீட்டல. அதனால ஒவ்வொரு தடவையும் தாய்நாட்டுல இருந்து பறந்து வரணும், இலக்கு மேல சில நிமிஷம்தான் நிக்க முடியும், வானத்துல எண்ணெய் கொடுக்கற டேங்கர் விமானம் மொத்தமே ரெண்டு, டாகர் விமானங்களுக்கு அந்த வசதியும் கிடையாது. ஆகாயத்துல இருந்து விடுற எக்ஸோசெட் மொத்தம் அஞ்சு, அதுக்கு மேல வாங்க வழி இல்ல.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். ஸ்டான்லி கிடங்குல உணவு இருந்துச்சு, சில கிலோமீட்டர் தள்ளி மலை மேல குழியில இருந்த பையன்ங்க பட்டினி, பல பேரு கட்டாய சேவைக்கு வந்த சின்னப் பசங்க, ஆடு திருடித் தின்னாங்க. கொண்டு போக வண்டி இல்ல, ஹெலிகாப்டர் இல்ல, கொண்டு போகணும்னு அக்கறை இருந்த அதிகாரியும் எல்லா இடத்துலயும் இல்ல. 12,800 கிலோமீட்டர் கொண்டு வந்தவன் கடைசி மைல் வரைக்கும் எப்படியோ கொண்டு போனான், பக்கத்து வீட்டுக்காரன் கடைசி பத்து கிலோமீட்டர்ல கோட்டை விட்டான்.

அசென்ஷன்ல இன்னொரு கணக்கு சொல்லி முடிச்சுக்கறேன். வைட்அவேக்னு ஓடுபாதை, இடம் பிரிட்டனோடது, நடத்தறது அமெரிக்கா. விமான எண்ணெய் அமெரிக்கா கொடுத்துச்சு, 1.25 கோடி கேலன். மே 1 ஸ்டான்லி மேல குண்டு போட ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் போச்சு. அதை அங்க கொண்டு சேர்க்க 11 விக்டர் டேங்கர் விமானம், டேங்கருக்கு டேங்கர் எண்ணெய் கொடுத்து, அது இன்னொண்ணுக்கு கொடுத்து, கடைசியில வல்கனுக்கு. கிட்டத்தட்ட 16 மணி நேரம் பறந்து 21 குண்டு போட்டதுல ஓடுபாதையில விழுந்தது ஒண்ணு. அந்த ஒரு குழிக்கு செலவான எண்ணெய நினைச்சா எனக்கு இன்னைக்கும் தலை சுத்தும்.

வாசு_எம்பிஏ:

அண்ணங்களா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இப்ப மேட்டர் ரொம்ப அதிகமாயிடுச்சு, எனக்கு கிடைக்கறது கால் மணி நேரம்தான். எதை விடுறது எதை வெச்சுக்கறதுன்னு தெரியல. அப்புறம் எங்க புரொஃபசர் கண்டிப்பா "இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்"னு கேப்பார்.

சீஃப்மேட்_தூத்துக்குடி:

போர் முழுக்க சொல்லாதீங்க, தூங்கிடுவாங்க. ஒரே ஒரு குண்டுப் பெட்டிய எடுத்துக்கோங்க. இங்கிலாந்து கிடங்குல இருந்து லாரி, லாரில இருந்து ஹோல்டு, அசென்ஷன்ல ஹோல்டு மாத்தினது, ராத்திரி அஜாக்ஸ் பேல எறங்கினது, ஹெலிகாப்டர்ல பீரங்கிக்குப் போனது. ஒவ்வொரு கை மாறும்போதும் என்ன கெட்டுச்சு, என்ன மாத்தினாங்கன்னு சொல்லுங்க, உங்க பாடத்துல இருக்கற எல்லா தலைப்பும் தானா வந்துடும்.

பழைய_நேவி:

புரொஃபசர் கேட்டா விராட்ல ஆரம்பிங்க, அதுவே போதும். மேல கேட்டார்னா, நம்ம கடற்படைக்கு தீபக், சக்தின்னு ஃப்ளீட் டேங்கர்ங்க இருக்கு, பத்தாதுன்னுதான் 2023 ஆகஸ்ட்ல அஞ்சு ஃப்ளீட் சப்போர்ட் கப்பலுக்கு விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுக்கு ஆர்டர் கொடுத்தாங்க, ஒவ்வொண்ணும் 44,000 டன், சுமார் 19,000 கோடி ரூபாய். அதுல ரெண்டு கப்பல் நம்ம சென்னைக்கு வடக்க காட்டுப்பள்ளியில கட்டறதா ஏற்பாடு. அதே காட்டுப்பள்ளிக்கு 2022 ஆகஸ்ட்ல அமெரிக்க கடற்படையோட சார்லஸ் ட்ரூன்னு ஒரு சரக்குக் கப்பல் ரிப்பேருக்கு வந்துச்சு. அடுத்தவன் துறைமுகத்துல எண்ணெய், ரிப்பேர், ஸ்பேர் வாங்கிக்கறதுக்கு 2016ல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கு, நம்ம கப்பல் தூரமா போகும்போது நமக்கும் அசென்ஷன் மாதிரி இடம் தேவைப்படும் இல்லையா, அதுக்குத்தான்.

குறுக்கு_கேள்வி:

டேங்கர் கட்டறது சரிதான். பிரிட்டன் அம்பது வணிகக் கப்பலைத் திரட்டினான்னா அப்ப அவன் கொடி போட்ட கப்பல் அவ்வளவு இருந்துச்சு. இன்னைக்கு ஏகப்பட்ட கப்பல் பனாமா கொடி, லைபீரியா கொடி. அவசரம்னா யாரு கப்பலைக் கேப்பாங்க?

சீஃப்மேட்_தூத்துக்குடி:

அதான் நானும் சொல்ல வந்தேன், இன்னைக்கு பிரிட்டனே அதை மறுபடி பண்ண திணறுவான். கொடி மட்டுமில்ல, ஆளும் பிரச்சினை. என்கூட கடைசியா இருந்த க்ரூல நாலு நாட்டு ஆளுங்க, கொடி அஞ்சாவது நாடு, ஓனர் ஆறாவது நாடு. இதுல எந்த ராணி கையெழுத்துப் போட்டா எவன் கிளம்புவான்? வாசு தம்பி, இதை செமினார்ல கேள்வி நேரத்துக்கு வெச்சுக்கோங்க, புரொஃபசரையே திருப்பிக் கேளுங்க.